லீவர் கிரீச்சிடுகிறது, ஸ்டீமில் தண்ணீர் கொட்டுகிறது: எஸ்பிரெசோ மெஷினுக்கு எந்த எண்ணெய்?

கீழக்கரை_அடுக்களை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் எஸ்பிரெசோ மெஷின் இருக்கிறது. துபாயில் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்தது, கார்கோவில் போட்டு அனுப்பினார். இத்தாலி மெஷின். முன்னால் குரோம் பூசிய கனமான தலை, அதன் பக்கவாட்டில் தூக்கி இறக்கும் லீவர். இ61 வகை என்று சொன்னார்கள். உள்ளே ஒரே பாய்லர், அதற்குள்ளேயே காப்பித் தண்ணீருக்குத் தனிக் குழாய் ஓடுகிறது.

இரண்டு தொல்லை. ஒன்று, லீவர் இறுகிவிட்டது. தூக்கும்போது கிரீச் என்று ஒரு சத்தம். ஃபஜ்ர் தொழுதுவிட்டு நான் காப்பி போட்டால் மாடியில் மாமி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இன்னொன்று, கொஞ்ச நாளாக ஸ்டீம் திறந்தால் ஆவிக்குப் பதில் தண்ணீராகக் கொட்டுகிறது. பால் நுரைப்பதற்குள் பாதி ஜக் தண்ணீர் கலந்துவிடுகிறது. பம்பும் நினைத்த நேரத்துக்குத் தானாக ஓடுகிறது.

பராமரிப்பு என்று நான் செய்வது: வியாழன்தோறும் இரவில் ஓட்டையில்லாக் கூடையில் க்ளீனிங் பவுடர் போட்டு பேக்ஃபிளஷ், அதாவது தண்ணீரைக் கீழே போகவிடாமல் அடைத்துத் தலையை உள்ளேயே திருப்பி அலசுவது. தினமும் ஸ்டீம் குழாயைத் துடைப்பது. எண்ணெய், கிரீஸ் எதுவும் இதுவரை தொட்டதில்லை. பெரியவாப்பா மகன் போட் என்ஜின் வேலை பார்ப்பவர், "கிரீஸ்தானே, டப்பாவோட தர்றேன்" என்கிறார். உம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார்.

தண்ணீர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. முதலில் காவிரித் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்து அதைத்தான் மெஷினுக்கு ஊற்றினேன். கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தபின் இப்போது வீட்டு ஆர்ஓ தண்ணீர் மட்டும்.

ராமநாதபுரத்தில் இதைப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் கனமும் இல்லை இது. நாமே செய்யக்கூடியது என்ன?

---

தொண்டிக்காரன்:

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், முடிந்தது. எங்கள் வீட்டில் மிக்சி ஜாரிலிருந்து கேட் கொண்டி வரைக்கும் அதுதான். அப்புறம் ஒரு சந்தேகம். பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறக்கினால் லீவரும் இல்லை, சத்தமும் இல்லை. ஏன் இந்தப் பாடு?

---

மண்டபம்_மோட்டார்மேன்:

தொண்டிக்காரரே, அந்த எண்ணெய் கேட்டோடு நிற்கட்டும். தங்கச்சி, போட் கிரீஸையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கப்பல் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் நான். எதற்கு எந்த கிரீஸ் என்று பார்ப்பதிலேயே பாதி வயசு போனது. இப்போது மண்டபத்தில் வந்து தங்குகிறவர்களுக்கு அறை விட்டு, வாசல் பக்கம் காப்பி மேசை போட்டிருக்கிறேன். என்னிடம் ஓடுவதும் இதே இ61 தலைதான்.

முதலில் எண்ணெய். இந்த மெஷின்களில் காப்பித்தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடி வந்து அழுந்தும் கேஸ்கெட் என்கிற வளையம், வால்வுக்குள் இருக்கும் ஓ-ரிங்குகள் எல்லாம் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். சூடும் ஆவியும் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி, மெத்தென்று ஆகிவிடும். தையல் எண்ணெய், போட் கிரீஸ், வாசலின், டபிள்யூடி-40 எல்லாம் அந்த வகை. போட் கிரீஸ் கடல்தண்ணீருக்குத் தாங்கும், சரி. ஆனால் நாம் குடிக்கிற தண்ணீர் போகும் வழியில் வைக்கிற சாமான் இல்லை அது. தேங்காய் எண்ணெய் வாயில் பட்டால் குற்றமில்லை, ஆனால் நாள் முழுக்கச் சூட்டில் கிடந்தால் பிசினாகிச் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடை காப்பியில் வந்துதான் தீரும்.

வேண்டியது உணவுத் தர சிலிகோன் கிரீஸ். மோலிகோட் 111 என்று கேளுங்கள், இந்த மெஷின்காரர்கள் உலகம் பூராவும் அதைத்தான் பூசுகிறார்கள். ஆன்லைனில் சின்ன டப்பியாகப் பிரித்து விற்கிறார்கள். வீட்டுக்கு 5 கிராம் போதும், வருஷக்கணக்கில் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் கேஸ்கெட் கறுப்பாக இல்லாமல் நீலம், சிவப்பு என்று கலராக இருந்தால் அது சிலிகோன் ரப்பராக இருக்கலாம். சிலிகோன் ரப்பருக்குச் சிலிகோன் கிரீஸ் ஆகாது, அதுவும் ஊதும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்தத் தலையை ஃபேமா என்கிற இத்தாலிக் கம்பெனி 1961இல் கொண்டுவந்தது. அந்த வருஷம் அங்கே தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின் (எக்லிப்ஸ்) பெயரில்தான் அந்த இ, அந்த 61. லீவரின் உள்முனையில் ஒரு கேம் இருக்கும், திரும்பும்போது பக்கத்தில் இருப்பதைத் தள்ளுகிற துண்டு. நீங்கள் லீவரைத் தூக்கும்போது கேம் திரும்பி மேலே ஒரு பின்னைத் தள்ளுகிறது, தண்ணீர் வால்வு திறக்கிறது. இறக்கும்போது கீழே ஒரு பின்னைத் தள்ளுகிறது, கூடையில் மிச்சமிருக்கும் அழுத்தம் தலைக்கு அடியில் இருக்கும் குழாய் (அடிக்குழாய்) வழியாகத் தட்டில் கொட்டுகிறது. ஆக உலோகத்தை உலோகம் உரசுகிற இடம் அது. நடுவில் இருப்பது ஒரு பூச்சு கிரீஸ் மட்டும்தான்.

இப்போது உங்கள் வியாழக்கிழமைக்கு வாருங்கள். பவுடர் போட்டு பேக்ஃபிளஷ் செய்துவிட்டு லீவரை இறக்கும்போது அந்தச் சோப்புத் தண்ணீர் முழுக்க கேம் இருக்கிற அறை வழியாகத்தான் வெளியே போகிறது. காப்பிப் பிசுக்கைக் கரைக்கிற பவுடர் கிரீஸை மட்டும் விட்டுவைக்குமா? வாராவாரம் பவுடர் போடுவது நாள் முழுக்க ஓடுகிற கடைக்குச் சரி. அவர்களும் அதற்கேற்ப கிரீஸ் வைப்பார்கள். வீட்டில் நாளுக்கு மூணு நாலு காப்பி என்றால் பவுடர் மாசம் ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை. நடுவில் வெறும் தண்ணீரில் பேக்ஃபிளஷ் பண்ணுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். காப்பியில் இருக்கிற எண்ணெயே கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். அதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது.

கிரீஸ் வைக்கிற முறை. பிளக்கைப் பிடுங்குங்கள். இரவு முழுக்க ஆறட்டும். ஸ்டீம் திறந்து உள்ளே அழுத்தம் துளியும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் தண்ணீரை எடுத்துவிடுங்கள். லீவரைப் பாதி தூக்கிய நிலையில் வைத்தால் ஸ்பிரிங் எதுவும் அதை அமுக்காது. லீவர் தலைக்குள் நுழைகிற இடத்தில் பெரிய நட் ஒன்று இருக்கும். அதைச் சுற்றித் துணி வைத்து ஸ்பேனர் போடுங்கள், இல்லாவிட்டால் குரோமில் கோடு விழும். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேம் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம்தான் திரும்பப் போகணும்.

லீவர் கேமோடு சேர்ந்து வெளியே வரும். பழைய கறுப்பைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். கேம் பள்ளத்திலும் தண்டிலும் கிரீஸ் பளபளக்கிற அளவுக்குப் பூசினால் போதும், அப்பிவிடாதீர்கள். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பின் முனைகள் தெரியும். பட்ஸ் குச்சியில் எடுத்து அவற்றுக்கும் கொஞ்சம். திரும்ப மாட்டிய பின் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் காப்பி. பம்புக்குள் எண்ணெய் விடுகிற வேலையே கிடையாது, அந்த ஆசை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள்.

உங்கள் ஸ்டீம் தொல்லைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. லீவர் சத்தம் காதைத்தான் கெடுக்கும், இது மெஷினையே கெடுக்கும்.

பாய்லரின் மேலிருந்து உள்ளே ஒரு எஃகுக் கம்பி தொங்கும். தண்ணீர் அந்தக் கம்பியைத் தொட்டால் கம்பியிலிருந்து பாய்லர் உடம்புக்கு ஒரு துளி மின்சாரம் பாயும். அதை வைத்துத்தான் உள்ளே இருக்கும் போர்டு, தண்ணீர் போதும் என்று பம்பை நிறுத்துகிறது. தண்ணீரில் உப்பே இல்லையென்றால் மின்சாரம் எதில் பாயும்? ஆர்ஓ தண்ணீர் ரொம்பச் சுத்தமாக இருந்தால் பாய்லர் நிறைந்த பிறகும் போர்டு காலி என்று நினைத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். பாய்லரில் ஆவிக்கு இடமில்லாமல் போனால் ஸ்டீம் குழாயில் தண்ணீர்தான் வரும். பம்ப் தானாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதும் இதற்குப் பொருந்துகிறது.

இன்னொரு வழியிலும் இதே கோளாறு வரும். காவிரித் தண்ணீர் ஊற்றிய காலத்தில் அந்தக் கம்பி மேல் சுண்ணாம்பு படிந்திருந்தால் அந்தப் படிவு மின்சாரத்தைத் தடுக்கும். முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வேலை. நிற்கவில்லையென்றால் மேல்மூடியைத் திறந்து கம்பியைக் கழற்றித் துடைக்கணும்.

சரி, எந்தத் தண்ணீர்? நம் கடற்கரையில் கேள்வியே இதுதான். கிணறு வேண்டவே வேண்டாம். உப்பில் இருக்கிற குளோரைடு, எஸ்எஸ் பாய்லரைக் குண்டூசித் துளைகளாக அரித்துவிடும். சாஃப்ட்னர் போட்டாலும் குளோரைடு போகாது, சுண்ணாம்பு மட்டும்தான் போகும். காவிரித் தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்கும். வெறும் ஆர்ஓ தண்ணீர் கம்பியை ஏமாற்றும். அதனால் ஆர்ஓவையே எடுத்து அதில் பொட்டாசியம் பைகார்பனேட் கலக்குங்கள், லிட்டருக்கு 100 மில்லிகிராம். அவ்வளவு பொடியை நிறுக்கும் தராசு யாரிடமும் இருக்காது. 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து லிட்டருக்கு 10 மில்லி சேர்த்தால் கணக்கு சரியாக வரும். 20 லிட்டர் கேனாக இருந்தால் நேரே 2 கிராம். கால்சியமே இல்லாததால் சுண்ணாம்பு படியாது, மின்சாரமும் பாயும். உணவுத் தரப் பொடியாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய படிவை எடுக்கிறேன் என்று சிட்ரிக் அமிலத்தை மெஷினில் ஊற்றிவிடாதீர்கள். இந்த வகை பாய்லரில் பெயர்ந்து வரும் செதில், தலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளையில் போய் உட்காரும். அப்புறம் தலையையே பிரிக்கணும். படியவே விடாமல் பார்த்துக்கொள்வது லேசு.

---

அரண்மனைவாசல்:

ராமநாதபுரம் டவுனிலிருந்து. என்னுடையது பொத்தானை அமுக்கினால் அதுவே கொட்டை அரைத்துக் காப்பி இறக்கும் ரகம். லீவர் கிடையாது, ஆனால் உள்ளே காப்பியை அமுக்குகிற பெட்டி ஒன்றைக் கையால் வெளியே எடுக்கலாம். அதைச் சோப்புப் போட்டுக் கழுவாதே என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. காரணம் மோட்டார்மேன் சொன்னதேதான், பிஸ்டனுக்குள் இருக்கும் கிரீஸ் போய்விடும். குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசிக் காயவைக்கிறேன். பெட்டி ஓடும் தண்டவாளத்துக்கும் ஓ-ரிங்குக்கும் அதே சிலிகோன் கிரீஸ். இந்த ரகம் வைத்திருக்கிறவர்கள் யாராவது படித்தால் பயன்படும் என்று எழுதினேன்.

---

கீழக்கரை_அடுக்களை:

அண்ணே, செய்து பார்த்தாகிவிட்டது.

பக்கத்து வீட்டு லாத்தாவிடம் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) வாங்கி அளந்தேன். ஆர்ஓவில் 12, பிடித்து வைத்த காவிரித் தண்ணீரில் 380. பொடி கலந்த தண்ணீரை டேங்கில் ஊற்றி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாய்லரில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. ரெண்டு ஜக் போன பிறகு பம்ப் ஒருதடவை ஓடி, டக்கென்று தானாக நின்றது. இப்போது ஸ்டீம் திறந்தால் முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர், அப்புறம் சுத்தமான ஆவி. பால் மழமழவென்று வருகிறது.

லீவரை நேற்று கழற்றினேன். நட் லேசில் அசையவில்லை, கடைசியில் வாப்பா வந்து பிடித்த பிறகுதான் திரும்பியது. உள்ளே கேம் பள்ளத்தில் சாம்பலும் கறுப்புமாக ஒரு களிம்பு. துடைத்ததும் துணியில் பித்தளைத் தூள் மினுங்கியது. கேம் முதுகில் குரோம் ஒரு கோடாகத் தேய்ந்து உள்ளே மஞ்சள் தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், மேல் பின் முனை உருண்டையாக இருக்கிறது, கீழ் பின் முனை கொஞ்சம் தட்டையாக, கண்ணாடிபோல் மின்னுகிறது. கிரீஸ் வைத்து மாட்டியதும் லீவர் ஒரு விரலில் தூக்கினால் போகிறது, சத்தமும் இல்லை.

இப்போது புதுசாக மூன்று கேள்வி. நட்டின் ஓரத்தில் காப்பி போடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கசிகிறது. கீழ் பின் தட்டையாக இருப்பது ஆபத்தா? அப்புறம், கம்பியையும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று மேல்மூடியைத் திறந்தபோது ஒயர் மாட்டியிருக்கும் தகடுகளில் பச்சையாகப் பூத்திருக்கிறது. மெஷின் இருப்பது கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே. இதையும் சொல்லிவிடுகிறேன், ஈரக்கையோடு தொட்டால் எப்போதாவது லேசாகச் சுருக்கென்கிறது.

---

மண்டபம்_மோட்டார்மேன்:

கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்கணும் தங்கச்சி. சுருக்கென்றால் மெஷினை இனி போடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா, மெஷினின் ஹீட்டர் எலமென்ட் லீக்காகிறதா. நம் பக்கம் மணல், கோடையில் காய்ந்து கிடக்கும். புதைத்த எர்த் கம்பியும் உப்பில் அரித்திருக்கும். சாக்கெட்டில் மூணாவது ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) வீட்டில் இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

பச்சை பூத்தது உப்புக்காற்றின் வேலை. பழைய பாம்பன் பாலம் 1914இல் திறந்தது, அவ்வளவு இரும்பையே தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. ஒரு செம்புத் தகடு அதற்கு எந்த மூலைக்கு? மெஷினை அந்த ஜன்னலை விட்டு உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பார்த்த சுவரில் இரும்புச் சாமான் எதையும் வைப்பதில்லை, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது ஸ்டவ் பர்னரே பூத்துவிடும். எலக்ட்ரீஷியன் வரும்போது, பிளக் பிடுங்கிய நிலையில் அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டி, தளர்ந்திருப்பதை இறுக்கி மாட்டச் சொல்லுங்கள். தளர்ந்த தகடு சூடேறி ஒயரைக் கருக்கும். மற்ற நாளில் இரவு வேலை முடிந்ததும் வெளி உடம்பை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை. சொட்டுத் தட்டைத் தூக்கி அடியிலும் துடைக்கணும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

நட் கசிவு: மெஷின் ஆறியிருக்கும்போது கொஞ்சமே கொஞ்சம் இறுக்குங்கள். லீவர் மறுபடி கனத்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். நிற்கவில்லையென்றால் லீவர் தண்டைச் சுற்றியிருக்கும் பேக்கிங் தேய்ந்திருக்கும். இ61 லீவர் ரிப்பேர் கிட் என்று ஆன்லைனில் பேக்கிங், வாஷர் எல்லாம் சேர்த்தே கிடைக்கும்.

கீழ் பின் கொஞ்சம் தட்டையானதற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்யவேண்டாம். கிரீஸ் இல்லாமல் ஓடிய மெஷின் எல்லாவற்றிலும் அது இருக்கும். லீவரை இறக்கியதும் அடிக்குழாயில் புஸ்ஸென்று அழுத்தம் இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அது மந்தமானாலோ, கைப்பிடியைக் கழற்றும்போது காப்பித்தூள் தெறித்தாலோ பின்னை மாற்றணும். அதுவும் அந்த கிட்டில் சில நேரம் வரும், பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போதே ஒரு கேஸ்கெட்டும் சேர்த்துப் போடுங்கள். இந்தத் தலைக்கு 73க்கு 57 மில்லிமீட்டர், கனம் 8. கைப்பிடியை மாட்டினால் அது நேரே உங்களைப் பார்த்து நிற்கிறதா, வலது பக்கம் தாண்டிப் போகிறதா? தாண்டினால் பழசு இறுகி மெலிந்துவிட்டது. ரொம்பவே தாண்டினால் 8.5 கனம் வாங்குங்கள். பழையது ஓடு மாதிரி காய்ந்திருக்கும், முழுசாக வராது. சின்ன ஸ்க்ரூ ஒன்றை அதில் முடுக்கிப் பிடித்து இழுத்தால் துண்டு துண்டாக வரும். உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு, எழுத்து அடித்த பக்கம் மேலே இருக்கும்படி புதுசை அமுக்குங்கள். கேஸ்கெட் முகத்தில் கிரீஸ் வேண்டாம். கைப்பிடியின் இரண்டு காதுகளிலும் விரல் நுனியால் ஒரு தடவல் மட்டும்.